42 ஆட்டங்கள், ஆறு ஓட்டுகள்

1884-ல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு கறுப்பின இளைஞர் ஆடினார். பெயர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். ஒரே ஒரு சீசனில் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. அந்த சீசனுக்குப் பின் ஒரு கறுப்பின வீரர் உள்ளே வர 63 வருடங்கள் ஆயின. கதவைச் சாத்தியது யார்?

பேஸ்பாலில் நிறத் தடையை உடைத்தவர் யார் என்று அமெரிக்காவில் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் ஜாக்கி ராபின்சன் என்றுதான் பதில் வரும். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கினார். அவர் அணிந்த 42-ம் எண்ணை இன்று எந்த மேஜர் லீக் அணியும் வேறு வீரருக்குக் கொடுப்பதில்லை. அந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதியானவர்.

ஆனால் ஒரு தடை உடைந்தது என்றால், அதற்கு முன்னால் யாரோ அதைக் கட்டியிருக்க வேண்டும். பேஸ்பாலில் அந்தச் சுவர் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. ஒரு மனிதர் ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் கண்முன்னால், கல் கல்லாக அடுக்கப்பட்டது. மேஜர் லீக்கில் வாக்கர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையும் 42தான்.

அவருடைய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடு முடித்துவிடுவார்கள்: “என்ன செய்வது, அந்தக் காலம் அப்படி!” அவர் வாழ்க்கையை வருடம் வருடமாகப் பார்த்தால் அந்தப் பெருமூச்சு எவ்வளவு பொய்யானது என்று தெரியும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1856 அக்டோபர் 7. ஓஹாயோ மாநிலத்தின் மவுன்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் வாக்கர் பிறந்தார். அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர் அது. தெற்கிலிருந்து தப்பி வரும் அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் பக்கத்திலுள்ள ஸ்டூபன்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா மருத்துவம் பார்த்தார், தேவாலயத்தில் போதகராகவும் இருந்தார்.

அடுத்து ஓபர்லின் கல்லூரி. கறுப்பின மாணவர்களை 1835-லேயே சேர்த்துக்கொள்ள முடிவெடுத்த கல்லூரி அது. உள்நாட்டுப் போர் வெடிப்பதற்கு கால் நூற்றாண்டு முன்பே வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்த இடம். 1881-ல் ஓபர்லின் முதன்முறையாக வெளிக் கல்லூரிகளோடு பேஸ்பால் ஆட அணி அமைத்தது. அதில் வாக்கர் கேட்சர், தம்பி வெல்டியும் அணியில் இருந்தார். அந்த அணி மிச்சிகன் பல்கலைக்கழகத்தைத் தோற்கடித்தது. தோற்ற பல்கலைக்கழகமே அடுத்த வருடம் வாக்கரைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது. அங்கே சட்டம் படித்துக்கொண்டே ஆடினார்.

பேஸ்பாலில் பந்தை எறிபவர் பிட்சர். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிப்பவர் கேட்சர். நம் விக்கெட் கீப்பரைப் போன்ற இடம், ஆனால் வேலை அதைவிடக் கடுமையானது. இன்றைக்கு கேட்சர் தலை முதல் கால் வரை கவசத்தோடு நிற்கிறார். 1880-களில் முகத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு உண்டு, அதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடையாது. கைக்கு மெல்லிய தோலுறை. அதையும் விரல் நுனியை வெட்டிவிட்டுத்தான் போட்டுக்கொள்வார்கள். வாக்கர் பல நேரம் வெறுங்கையால்தான் பிடித்தார். பிட்சர் நின்ற தூரமும் சுமார் 50 அடிதான், இன்றுள்ள தூரத்தைவிடப் பத்தடிக்கு மேல் குறைவு. மட்டையில் லேசாக உரசித் திசை மாறி வரும் பந்து விரலை ஒடிக்கும், விலாவை ஒடிக்கும். வீங்கிய விரல்களோடு ஆடாத கேட்சர் அந்தக் காலத்தில் இல்லை.

லூயிவில்லில் நடந்தது

1881 ஆகஸ்ட். கிளீவ்லாந்தின் தையல் இயந்திரக் கம்பெனி ஒன்று நடத்திய அணிக்காக ஆட வாக்கர் தெற்கே லூயிவில் போனார். எதிரணி எக்ளிப்ஸ் கிளப். கறுப்பினத்தவர் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்றார்கள் அவர்கள். வாக்கர் வெளியே உட்கார்ந்தார், இன்னொருவர் கேட்சராக நின்றார்.

முதல் இன்னிங்ஸிலேயே அந்த மாற்று ஆளின் கை காயப்பட்டு வீங்கிவிட்டது. இனி என்னால் முடியாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். அப்போது அரங்கிலிருந்த கூட்டம் வாக்கரைக் கூப்பிட்டது. அடிமை முறை ஒழிந்து பதினாறே வருடங்களான கென்டக்கி மாநிலத்து ரசிகர்கள், அதுவும் உள்ளூர் அணியைப் பார்க்க வந்தவர்கள், ‘அவரை இறக்குங்கள்’ என்று கத்தினார்கள். தயங்கித் தயங்கி வாக்கர் களத்துக்கு வந்தார். பயிற்சிக்காகச் சில பந்துகளை வாங்கிப் போட்டார். அந்த எறிதலைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. எக்ளிப்ஸ் வீரர்கள் சிலர் களத்தைவிட்டு உடைமாற்றும் அறைக்குக் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் மூன்றாம் பேஸில் ஆடுபவர் ஒருவர் கேட்சராக நிற்க முன்வந்த பிறகே ஆட்டம் தொடர்ந்தது. வாக்கர் மறுபடி வெளியே போனார்.

காசு கொடுத்து உள்ளே வந்த வெள்ளையர் கூட்டம் அன்று அவர் ஆட வேண்டும் என்றுதான் கேட்டது. ‘ஜனங்கள் ஏற்கமாட்டார்கள்’ என்று பின்னாளில் கிளப் முதலாளிகள் சொன்ன சாக்கை இந்தச் சம்பவத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

மிரட்டலுக்கு மசியாத மேனேஜர்

1883-ல் டொலீடோ கிளப் வாக்கரை ஒப்பந்தம் செய்தது. அந்த அணி நார்த்வெஸ்டர்ன் லீக்கில் ஆடியது. சீசன் தொடங்கும் முன்பே பியோரியா கிளப்பின் பிரதிநிதி, கறுப்பின வீரர்களை லீக்கில் சேர்க்கவே கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். சூடான விவாதத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது. வாக்கர் ஆடினார். அந்த வருடம் டொலீடோதான் சாம்பியன்.

ஆகஸ்ட் 10 அன்று சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் அணி நட்புமுறை ஆட்டத்துக்கு டொலீடோ வந்தது. அதன் கேப்டன் கேப் ஆன்சன். அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய பேஸ்பால் நட்சத்திரம். வாக்கர் களத்தில் இருந்தால் என் அணி ஆடாது என்று வசைச் சொல்லோடு அறிவித்தார்.

வாக்கருக்குக் கையில் காயம், அன்று அவருக்கு ஓய்வு கொடுப்பதாகத்தான் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. டொலீடோ மேனேஜர் சார்லி மார்ட்டன் பேசாமல் இருக்கவில்லை. ஆன்சனின் மிரட்டலைக் கேட்டதும், காயத்தோடு இருந்த வாக்கரை ரைட் ஃபீல்டில் நிறுத்தி ஆட்டப் பட்டியலைக் கொடுத்தார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் பங்கு கிடைக்காது என்றதும் ஆன்சன் இறங்கி வந்தார். ஆட்டம் நடந்தது. பத்து இன்னிங்ஸ் வரை போய் 7-6 என்று சிகாகோ ஜெயித்தது. அன்று வானம் இடிந்து விழவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் எதிரெதிரே நின்று ஒரு நல்ல ஆட்டத்தை ஆடி முடித்தார்கள்.

ஆன்சன் இதை மறக்கவில்லை. அடுத்த வருடம் டொலீடோவோடு ஆட்டத்துக்குத் தேதி பேசும்போது, கறுப்பினத்தவர் யாரும் ஆடமாட்டார்கள் என்று உறுதி கேட்டு சிகாகோ கிளப் முன்கூட்டியே கடிதம் அனுப்பியது. மைதானத்தில் தோற்ற மிரட்டல், அலுவலகத் தபாலாக மாறி ஜெயித்தது.

பார்க்கப்படாத சைகை

1884-ல் டொலீடோ, அன்றைய இரண்டாவது மேஜர் லீக்கான அமெரிக்கன் அசோசியேஷனில் சேர்ந்தது. மே 1 அன்று முதல் ஆட்டம், அதே லூயிவில்லில். வாக்கருக்கு ஒரு ஹிட்டும் கிடைக்கவில்லை, நான்கு பிழைகள் செய்தார். மேஜர் லீக்கில் கறுப்பினத்தவர் என்று ஊரறிய ஆடிய முதல் வீரர் அவர். 1879-ல் வில்லியம் எட்வர்ட் ஒயிட் என்பவர் பிராவிடன்ஸ் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார். அவருடைய தாய் அடிமையாக இருந்தவர். ஆனால் ஒயிட் வெள்ளையராகவே அறியப்பட்டு வாழ்ந்தார். வாக்கருக்கு அந்த மறைவு கிடையாது.

அணியின் பெரிய பிட்சர் டோனி முல்லேன். அந்த சீசனில் 36 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர். எந்த வகைப் பந்தை எறிய வேண்டும் என்று கேட்சர் விரலால் சைகை காட்டுவார். பிட்சர் அதன்படி எறிவார். வளையும் பந்தா, நேர்ப் பந்தா என்று தெரிந்தால்தான் கேட்சர் தன் கைகளைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். முல்லேன் வாக்கரின் சைகையைப் பார்க்க மறுத்தார். கறுப்பரின் கட்டளைக்கு நான் எறிவதா என்ற திமிர். ஒருமுறை வாக்கர் வளைவுப் பந்து கேட்டபோது வேகப் பந்தை எறிந்தார். வாக்கர் எழுந்து பிட்சரிடம் நடந்து போனார். சைகை காட்டியபின் மாற்றி எறிவதாக இருந்தால் பிடிக்கமாட்டேன், சைகையே இல்லாமல் எறி, பிடிக்கிறேன் என்றார்.

அப்படியே செய்தார். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல், கிட்டத்தட்ட வெறுங்கையோடு, நாட்டின் அதிவேகப் பிட்சர்களில் ஒருவரின் பந்துகளை அந்த சீசனின் மீதியில் பிடித்தார். இதை நமக்குச் சொன்னவர் வாக்கர் அல்ல, முல்லேனேதான். முப்பத்தைந்து வருடங்கள் கழித்து, 1919-ல், தன் வெறுப்பை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தன்னோடு ஆடிய கேட்சர்களிலேயே சிறந்தவர் வாக்கர் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

இதற்கு நடுவிலும் வாக்கரின் பேட்டிங் சராசரி .263. லீக்கின் பொதுச் சராசரியைவிட மேல், தன் அணியிலும் முன்வரிசை. ஜூலையில் தம்பி வெல்டியும் அணிக்கு வந்து ஐந்து ஆட்டங்கள் ஆடினார். அந்த சீசனில் காயங்கள் வாக்கரை முடக்கின, ஒரு விலா எலும்பும் முறிந்தது. செப்டம்பரில், ரிச்மண்ட் நகரிலிருந்து மேனேஜர் மார்ட்டனுக்கு ஒரு கடிதம் வந்தது. வாக்கர் ஆட்ட உடையில் மைதானத்துக்கு வந்தால் தாக்குவதற்கு 75 பேர் சபதம் எடுத்திருக்கிறார்கள் என்றது. அணி ரிச்மண்ட் போவதற்கு முன்பே, செப்டம்பர் 22-ம் தேதி, டொலீடோ அவரை விடுவித்துவிட்டது. காரணம் காயம் என்பது உண்மைதான். ஆனால் அவர் காயம் ஆறி அதற்குப் பின் ஐந்து வருடங்கள் சிறிய லீக்குகளில் ஆடினார். ஒரு மேஜர் லீக் கிளப்கூட அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஓட்டெடுப்பு

1887-ல் வாக்கர் நூவர்க் அணியில் இருந்தார், இன்டர்நேஷனல் லீக்கில். மேஜர் லீக்குக்கு அடுத்த படி அது. அதே அணியில் ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பினப் பிட்சர். இருவரும் சேர்ந்தால் எறிபவரும் பிடிப்பவரும் கறுப்பினத்தவர். அந்த சீசனில் ஸ்டோவி முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஜெயித்தார். பஃபலோ அணியில் ஃபிராங்க் கிரான்ட் இரண்டாம் பேஸில் ஆடினார். பிற்காலத்தில் பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவப் பட்டியலில் இடம்பெற்றவர் அவர். லீக்கில் கறுப்பின வீரர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். திறமை தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 14. ஆன்சனின் சிகாகோ அணி நூவர்க்கோடு ஆட வந்தது. ஸ்டோவி பந்து எறிவதாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி அவரை உட்கார வைத்தார்கள். வாக்கரும் ஆடவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் மார்ட்டன் மசிய மறுத்த இடத்தில் நூவர்க் மசிந்தது.

அன்றைய தினமே லீக் நிர்வாகிகள் பஃபலோவில் கூடினார்கள். இனிமேல் கறுப்பின வீரர்களின் புதிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவதில்லை என்று தீர்மானம். ஆதரவு ஆறு, எதிர்ப்பு நான்கு. ஆதரித்த ஆறு கிளப்களிலும் அப்போது கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. எதிர்த்தவை, கறுப்பின வீரர்களை வைத்து ஆடிக்கொண்டிருந்த நான்கு கிளப்கள். சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் வேண்டும் என்றார்கள், அப்போது அப்படி ஆடாதவர்கள் வேண்டாம் என்றார்கள்.

மேஜர் லீக்கில் இந்த அளவுக்குக்கூட எழுத்தில் எதுவும் கிடையாது. கனவான்களின் ஒப்பந்தம் என்று கௌரவமாகப் பெயர் சூட்டப்பட்ட ஒரு வாய்ச் சம்மதம்தான். எழுதாத சட்டத்தை எதிர்த்து யாரிடம் போய் முறையிடுவது? எங்களிடம் அப்படி ஒரு விதியே இல்லையே என்று கைவிரிக்க எல்லாருக்கும் வசதி.

1888-ல் டிரை-ஸ்டேட் லீக்கிலும் கதவு அடைபடுகிறது என்ற செய்தி வந்தபோது வெல்டி வாக்கர் சும்மா இருக்கவில்லை. லீக் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் ‘ஸ்போர்ட்டிங் லைஃப்’ இதழில் வெளிவந்தது. ஒருவரை விலக்க வேண்டுமானால் திறமைக் குறைவோ கெட்ட நடத்தையோ காரணமாக இருக்கட்டும், நிறம் எப்படிக் காரணமாகும் என்பது அவர் கேள்வி. பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

வாக்கர் 1888-ல் சிரக்யூஸ் அணிக்குப் போனார், அந்த அணி சாம்பியன் ஆனது. 1889 ஆகஸ்டில் அவரை விடுவித்தார்கள். அதன் பின் 1946-ல் ஜாக்கி ராபின்சன் மான்ட்ரியால் அணிக்கு வரும்வரை, 57 வருடங்கள், இன்டர்நேஷனல் லீக்கில் ஒரு கறுப்பின வீரரும் ஆடவில்லை.

ஆட்டம் முடிந்த பின்

மீதி வாழ்க்கை நேர்கோடாகப் போகவில்லை. 1891 ஏப்ரலில், சிரக்யூஸில், தெருவில் போன வாக்கரை வெள்ளையர் சிலர் வம்புக்கு இழுத்தார்கள். கல்லெறி தலையில் பட்டது. கையிலிருந்த கத்தியால் அவர் குத்தினார், ஒருவர் இறந்தார். கொலை வழக்கு நடந்தது. முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, தற்காப்பு என்று ஏற்று அவரை விடுவித்தது. நீதிமன்றத்தில் கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அதே வருடம் பீரங்கிக் குண்டு ஒன்றின் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமையும் பெற்றார்.

பிறகு ரயில்வே தபால் குமாஸ்தா வேலை. 1898-ல், தபால்களில் கைவைத்ததாகத் தண்டிக்கப்பட்டு ஒரு வருடம் சிறையில் இருந்தார். இதை மறைத்து அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. வெளியே வந்து ஸ்டூபன்வில்லில் ஓட்டல் நடத்தினார். தம்பியோடு சேர்ந்து ‘தி ஈக்குவேட்டர்’ என்ற பத்திரிகையில் இறங்கினார். 1904 முதல் கேடிஸ் என்ற ஊரில் ஓபரா ஹவுஸ் எடுத்து நாடகமும் சினிமாவும் காட்டினார். படச்சுருள் தீரப்போவதை ஆபரேட்டருக்கு உணர்த்தும் கருவிகளுக்கு 1920-ல் காப்புரிமை வாங்கினார். அந்த மூளைக்கு ஓய்வே இருந்ததில்லை.

1908-ல் 47 பக்கத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார், ‘அவர் ஹோம் காலனி’. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு எதிர்காலம் இல்லை, ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போவதே வழி என்று அதில் வாதிட்டார். யார் இதை எழுதியது என்று யோசிக்க வேண்டும். அடைக்கலம் கொடுத்த ஊரில் பிறந்து, ஓபர்லினில் வெள்ளை மாணவர்களோடு ஒரே பெஞ்சில் படித்து, ஒரே அணியில் ஆடி வளர்ந்தவர். இரண்டு இனமும் சேர்ந்து வாழ முடியும் என்பதைத் தன் இளமையிலேயே அனுபவித்துப் பார்த்தவர். அப்படிப்பட்டவரையே நம்பிக்கை இழக்க வைத்தது அந்த நாடு. 42 ஆட்டங்களோடு ஒரு விளையாட்டு வாழ்க்கை நின்றுபோனதைவிடப் பெரிய இழப்பு இது என்பேன்.

1924 மே 11 அன்று, 67 வயதில், நிமோனியாவால் அவர் இறந்தார். அதற்கு நான்கு வருடம் முன்புதான் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டூபன்வில்லில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பல பத்தாண்டுகளுக்குப் பெயர்க் கல்கூட இல்லை. 1990-களின் தொடக்கத்தில் ஓபர்லின் விளையாட்டு வீரர்கள் அமைப்பு ஒரு கல் நாட்டியது. அவர் பிறந்த அக்டோபர் 7-ஐ அவருடைய நாளாக ஓஹாயோ மாநிலம் 2017-ல் சட்டம் போட்டு அறிவித்தது. ஆன்சனுக்கு ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவம் 1939-லேயே கிடைத்துவிட்டது.

காலத்தின் மேல் பழி போடலாமா?

ஆன்சன் ஒருவரை வில்லனாக்கிக் கணக்கை முடிப்பது எளிது. அவர் செய்தது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கேப்டன் தனியாக 60 வருடச் சுவரைக் கட்ட முடியாது. சைகையைப் பார்க்க மறுத்த முல்லேன் வேண்டும். உறுதி கேட்டுக் கடிதம் எழுதிய சிகாகோ அலுவலகம் வேண்டும். ஸ்டோவிக்கு இல்லாத நோயைச் சொன்ன நூவர்க் வேண்டும். காயம் ஆறிய வாக்கரைத் தெரியாதது போல இருந்த கிளப் முதலாளிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பஃபலோ கூட்டத்தில் விழுந்த அந்த ஆறு ஓட்டுகள் வேண்டும்.

இவர்கள் வாழ்ந்த அதே காலத்தில்தான் சார்லி மார்ட்டனும் வாழ்ந்தார். அதே காலத்தில்தான் ஒரு லீக் பியோரியாவின் தீர்மானத்தை ஒதுக்கித் தள்ளியது. நான்கு கிளப்கள் பஃபலோவில் எதிர்த்து ஓட்டுப் போட்டன. பன்னிரண்டு வெள்ளையர் ஒரு கறுப்பரின் உயிருக்கு நியாயம் வழங்கினார்கள். இவர்களில் யாரும் தம் காலத்தைத் தாண்டிப் பிறந்த மகான்கள் அல்லர். முன்னால் வந்த ஒரு முடிவை நேர்மையாக எடுத்தார்கள், அவ்வளவுதான். மார்ட்டன் போன்றவர்களால்தான் வாக்கரால் அந்த 42 ஆட்டங்களையாவது ஆட முடிந்தது.

1887 ஜூலை 14 அன்று அந்த ஆறு பேரில் இரண்டு பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். அதனால் மட்டும் எல்லாம் மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மாற்றி ஓட்டுப் போட அவர்களுக்கு முழு உரிமை இருந்தது, சரியானது எது என்று எடுத்துச் சொல்ல அதே அறையில் நான்கு பேர் இருந்தார்கள். தெரிந்தேதான் அவர்கள் கை தூக்கினார்கள். ஆகவே வாக்கரின் கதையில் காலத்தின் மேல் பழியைப் போட்டு யாரும் தப்பிக்க வேண்டாம். காலம் ஓட்டுப் போடவில்லை, மனிதர்கள் போட்டார்கள்.